பின்வாசல் புரொக்டர்

வழக்குக் கூப்பிடும் நேரம் நெருங்கினால் எங்கள் ஐயாவைக் கையில் பிடிக்க முடியாது. கறுப்புக் கோட்டை மாட்டுவார், வழக்குக் கட்டுகளை என் கையில் திணிப்பார், "ஒருக்காப் பின்னாலை பாத்திட்டு வாறன், காணும்" என்பார், பதுளை நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். நீதிபதி வந்து உட்காரும்போது சப்பாத்தில் சேற்றோடு வேகமாக உள்ளே நுழைந்து தன் இடத்தில் நிற்பார். மழையானாலும் வெயிலானாலும் இந்தச் சடங்கு தப்பாது.

ஊரார் இதற்குக் கற்பித்த காரணங்கள் பலவிதம். சிலர் நீரிழிவு என்றார்கள். சிலர் பின்பக்கம் ஒரு போத்தல் ஒளித்து வைத்திருக்கிறார் என்றார்கள். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறார் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு எது பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்து அதையே ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கடைத்தெருவில் அவருக்குப் 'பின்வாசல் புரொக்டர்' என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வக்கீலைப் புரொக்டர் என்றுதான் சொல்வோம். பிற்பாடு சட்டம் மாறி எல்லோருக்கும் ஒரே பட்டம் வந்தது. என் வாயில் பழையதுதான் நிற்கிறது. நான் அவருடைய கிளாக்கர், அதாவது குமாஸ்தா. பதுளையில் பிறந்து வளர்ந்தவன். அவர் யாழ்ப்பாணத்தார். என் பேச்சு அவருக்கு மொட்டையாகத் தெரியும், அவர் பேச்சு எனக்குப் பாட்டுப் போலக் கேட்கும். கடைசிவரை ஒருவரை ஒருவர் திருத்த முயன்று இரண்டு பேருமே தோற்றுப்போனோம்.

உண்மைக் காரணம் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு லய அறை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரே ஒரு அறையும் அதன் முன்னால் ஒரு சாண் இஸ்தோப்புத் திண்ணையும். அந்த அறையில் ஒரு குடும்பம் இருப்பதா போவதா என்பதுதான் வழக்கு. அதை எப்போது சொன்னாலும் அவர் எழுந்து போய்விடுவார். இப்போது எழுந்து போக அவர் இல்லை, ஆகையால் சொல்லலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவரை மகான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முன்கோபி. சுருட்டுப் புகையை ஆளின் முகத்திலேயே விடுவார். இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது. தோட்டத்திலிருந்து பயந்து பயந்து வந்து நிற்கிற ஆளிடம், "வாயைத் திறவும். நானென்ன உம்மை விழுங்கவோ போறன்?" என்று அதட்டுவார். வந்தவனுக்கு இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றுவிடும். பிறகு நான் அவனை வெளியே கூட்டிப்போய்த் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, கதையைக் கேட்டு வந்து சொல்ல வேண்டும். அவருடைய ஏழைப் பங்காளிப் பெயரில் பாதி என் தேத்தண்ணியால் கிடைத்தது என்பேன். அவரும் அதை மறுத்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் அலுவலகம் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடிக்கு மாறியது. கடைக்காரர் ஹாஜியார் நல்ல மனிதர், வாடகையை உயர்த்தத் தெரியாதவர். தெருப்பக்கமாக அகலமான படி, பெயர்ப்பலகை, மணி எல்லாம் இருந்தது. ஆனால் எங்களிடம் வரும் தோட்டத்து ஆட்கள் ஒருவரும் அந்தப் படியில் ஏறவில்லை. பின் சந்தால் வந்து, ஹாஜியாரின் குசினிக்குள் நுழைந்து, அடுப்பைச் சுற்றிக்கொண்டு, மரப்படியேறி எங்கள் பின்கதவைத் தட்டினார்கள். கையில் லீக்ஸ் கட்டு, முட்டைக்கோவா, சில நேரம் கால் கட்டிய கோழி. ஒருநாள் அந்தக் கோழி கட்டவிழ்ந்து ஹாஜியாரின் சோற்றுப் பானையைத் தள்ளிவிட்டது.

ஹாஜியார் மூச்சு வாங்க மேலே வந்தார். "என்ன புரொக்டர், ஒங்கட ஆக்கள் எல்லாம் எங்கட குசினிக்குள்ளால வாராங்க. எங்கட ஊட்டுப் பொம்புளைங்க என்னெண்டு சமைக்கிற? அந்தக் கதவ ஆணி அடிச்சிப் போடுங்களே."

அது நியாயமான பேச்சு. நான் ஆணியும் சுத்தியலும் தேடிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு, "கதவை அடிச்சால் அவையள் முன்னாலை வருவினம் எண்டு நினைக்கிறீரோ? திரும்பி வீட்டை போயிடுவினம்" என்றார். பிறகு ஹாஜியாரோடு பேசி, குசினிக்கு வெளியே சுவரோரமாக ஒரு தனிப்படி கட்ட ஒப்பந்தம் செய்தார். அதோடு நிற்கவில்லை. தெருவைப் பார்த்து இருந்த தன் மேசையை நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கதவுக்கு எதிரே போட்டோம். வங்கி மனேஜர் ஒருவர் முன்படியால் ஏறிவந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது நினைவிருக்கிறது. மனேஜர் இருமிய பிறகுதான் திரும்பினார்.

மடுல்சீமைக்கு ஒரு தடவை கூட்டிப் போனார். பாதி வழிக்குத்தான் பஸ், மிச்சம் நடை. கொழுந்து நிறுவையில் தகராறு என்று ஒரு வழக்கு. தராசைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேரே தோட்டத்து ஒப்பீஸுக்குப் போய், உள்ளே நுழையாமல் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். தொழிலாளர் தங்கள் குறையைச் சொல்வது அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றுதான். உள்ளே போக அனுமதியில்லை. தலைமுறை தலைமுறையாக நின்றதில் அந்த இடத்து மண் தேய்ந்து குழியாகிக் கிடந்தது. என்னையும் அதில் நிற்கச் சொன்னார். நின்று பார்த்தால் உள்ளே நாற்காலியில் இருந்தவரின் மோவாய் மட்டும் தெரிந்தது. "இப்ப உமக்கு ஏதும் கேக்க மனம் வருதோ?" என்றார். எனக்கு உண்மையிலேயே வரவில்லை. குழியில் நின்ற தண்ணீர் சப்பாத்துக்குள் போனதுதான் கவலையாக இருந்தது.

இனி அந்த லய அறைக்கு வருகிறேன். அது அறுபதுகளின் பின்பாதி. அப்போது அவர் தோட்டத்துரைமாரின் புரொக்டர். மூன்று நான்கு தோட்டங்களின் வழக்குகள் எங்களிடம்தான். கிறிஸ்து பிறந்தநாளான நத்தாருக்குப் பங்களாக்களிலிருந்து அழைப்பு வரும். அவருடைய மனைவி அந்தப் பங்களாக்களின் ரோசாத் தோட்டத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார். எனக்கும் ஒரு கேக் துண்டு வந்து சேரும். வாழ்க்கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முனியாண்டி என்று ஒரு தொழிலாளி. காலையில் எல்லோரையும் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி அவனுடைய பெண்சாதியைக் கெட்ட வார்த்தை சொன்னார் என்று எதிர்த்துப் பேசிவிட்டான். அன்றோடு வேலை நின்றது. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் அறை எதற்கு, காலி செய் என்று தோட்டம் வழக்குப் போட்டது. அவனுக்கு அந்த அறையை விட்டால் போக ஓர் இடம் கிடையாது. அப்பன் பிறந்ததும் அந்த லயத்தில்தான். தொழிற்சங்கத்தில் சந்தா கட்டாதவன், ஆகவே அவனுக்காகப் பேசவும் ஆள் இல்லை. தோட்டத்துக்காக ஆஜரானவர் எங்கள் ஐயா.

வழக்கு நாளன்று நீதிமன்றச் சேவகர் வாசலில் நின்று முனியாண்டியின் பெயரை மூன்று முறை கூவினார். ஒருவரும் வரவில்லை. எதிராளி வராததால் தோட்டத்தின் பக்கம் தீர்ப்பானது. அறையைக் காலி செய்ய உத்தரவு. ஒரு கேள்விகூடக் கேட்காமல் வென்றுவிட்டோம். ஐயா சந்தோஷமாகத்தான் வெளியே வந்தார். சுருட்டுப் பற்றவைக்க மழைக்கு ஒதுங்கிய இடம் தேடிக் கட்டடத்தின் பின்பக்கம் போனார். நானும் குடையோடு பின்னால் போனேன்.

அங்கே உடைந்த வாங்குப் பலகைகள் குவித்துக் கிடந்த தகரத் தாழ்வாரத்தில் ஒரு ஆணும் பெண்ணும் நின்றார்கள். அவன் வேட்டிக்கு மேலே பழைய கோட்டுப் போட்டிருந்தான். தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை தூங்கியது. இரண்டு பேரும் பூட்டிக் கிடந்த பின்கதவைப் பார்த்தபடி, அது திறக்கும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆர் நீங்கள்? இதிலை என்ன செய்யிறியள்?" என்றார் ஐயா.

"எங்க கேசுங்க" என்றான் அவன். "வெள்ளென மொத பஸ்ஸுலயே வந்துட்டோம். கூப்புடுவாங்கன்னு நிக்கிறோமுங்க."

ஐயாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தில் பங்களாவின் முன்வாசல் துரைக்கும் அவருடைய விருந்தாளிக்கும். தொழிலாளி எதற்குப் போனாலும் சுற்றிப் பின்னால்தான் போவான், கதவு திறக்கிறவரை நிற்பான், தட்டவும் மாட்டான். முன்னால் புல்தரையும் பூச்செடியுமாக இவ்வளவு பெரிய வெள்ளைக் கட்டடத்தைக் கண்டதும் அவர்களுடைய கால் தானாகப் பின்பக்கம் போயிருக்கிறது. தகரத்தில் மழை கொட்டும்போது முன்வாசலில் கூவிய பெயர் எப்படிக் கேட்கும்?

நான் இதைச் சொன்னேன். ஐயா பற்றவைக்காத சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தார். பிறகு அவனிடம், "வாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்தார். அவன் தயங்கினான். ஐயா திரும்பிவந்து அவனுடைய கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். அவள் பிள்ளையோடு பின்னால் ஓடிவந்தாள்.

நீதிபதி அடுத்த வழக்கை இன்னும் தொடங்கவில்லை. ஐயா ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். இவர்கள் நேரத்துக்கே நீதிமன்ற வளவுக்குள் வந்துவிட்டார்கள், தவறான இடத்தில் நின்றது மட்டுமே பிழை, ஆகவே தனக்குக் கிடைத்த தீர்ப்பை நீக்கி வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று, தோட்டத்தின் புரொக்டராக நின்றுகொண்டே கேட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு சம்மதித்து வேறு தவணை போட்டார். மொழிபெயர்க்கும் முதலியாருக்கு அன்று பசி. இவ்வளவையும் சுருக்கி, "இன்ன தேதிக்கு மறுபடி வரணும், போங்க" என்று மட்டும் அவர்களுக்குச் சொன்னார்.

துரை அன்று பின்னேரமே அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டினார். ஐயா அசரவில்லை. "கூப்பிட்ட நேரம் ஆள் வளவுக்குள்ளை நிண்டவன். அது தெரிஞ்ச பிறகு நான் சும்மா இருந்தால் அது களவு" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் பிற்பாடு எனக்குத் தமிழில் சொன்னார். அந்தத் தோட்டம் எங்களை விட்டுப் போய்விட்டது. மற்றத் தோட்டங்கள் போகவில்லை. பதுளையில் இன்றைக்கும் சிலர் அவர் அந்த நாளோடு தோட்டத்துரைமாரை உதறிவிட்டார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது சரியில்லை. அதற்கு மறுவாரமே தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்காக ஆஜரானார். நான்தான் கட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

தோட்டத்தின் பக்கம் இருந்தவர் ஆகையால் முனியாண்டிக்காக அவரே பேச முடியாது. பக்கத்து அறைச் சிங்களப் புரொக்டர் ஒருவரைப் பிடித்து, தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, வழக்கை அவரிடம் கொடுத்தார். அந்த மனிதரும் நமுனுகுலவுக்கே போய் அவர்களைப் பார்த்து, முன்வாசலால் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தவணை நாள் வந்தது. தோட்டத்துக்குப் புதிதாகப் பண்டாரவளையிலிருந்து ஒரு புரொக்டர். ஐயாவுக்கு அன்று அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தும் கோட்டைப் போட்டுக்கொண்டு வராந்தாத் தூணோரம் நின்றார். "பின்னாலை ஒருக்காப் பாரும், காணும்" என்று என்னை அனுப்பினார். அவ்வளவு சொல்லியும் அன்றும் அவர்கள் பின்கதவில்தான் நின்றார்கள். நான் முன்னால் கூட்டிவந்தேன். படிக்கட்டைக் கண்டதும் முனியாண்டி நின்றுவிட்டான்.

"நான் இங்கனயே நிக்கிறேங்க. இங்கன இருந்தே கேட்டுக்கிறேன்."

"உள்ளே போகணும் முனியாண்டி. போகாட்டி அறை போயிரும்."

அவன் தலையை ஆட்டினான், கால் நகரவில்லை. உள்ளே அவனுடைய பெயரைக் கூவினார்கள். ஒருமுறை. இரண்டாம் முறை. அவனுடைய பெண்சாதி அழகம்மா பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், தனியாகப் படியேறி உள்ளே போனாள்.

"முனியாண்டி எங்கே?" என்று முதலியார் மூலமாகக் கேட்டார் நீதிபதி.

"வெளிய நிக்கிறாருங்க. பேரு அவரோடதுதாங்க. ரூமு எங்க ரெண்டு பேத்தோடதும்."

சிங்களப் புரொக்டர் எழுந்து தோட்டத்தின் பக்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெண்ணின் வேலையையும் நிறுத்திவிட்டீர்களா? பண்டாரவளைக்காரர் தோட்டத்துப் பெரிய கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் எழுந்து, இல்லை, அவள் நேற்றும் கொழுந்து எடுத்தாள், கொழுந்து கூடுதலாக வரும் காலம், எடுக்க ஆள் போதாது என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு இவள் வேலைக்கு வர வேண்டுமா?" என்றார் நீதிபதி.

"வர வேண்டும்."

"அப்படியானால் இன்றைக்கு இரவு எங்கே படுப்பாள்?"

பெரிய கிளாக்கர், துரை வந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். துரை வரவில்லை. தொழிலாளி என்ற முறையில் அவளுக்கு அறை உண்டு, புருஷனும் பிள்ளையும் அவளோடு இருப்பதைத் தோட்டம் தடுக்க முடியாது என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். முதலியார் அன்று ஒழுங்காகவே மொழிபெயர்த்தார்.

அவள் வெளியே வந்து புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப வா, பஸ்ஸு போயிரும்" என்றான். அவள் நகரவில்லை. தூணோரம் நின்ற ஐயாவைப் பார்த்துவிட்டாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள். கும்பிடத்தான் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"நீங்கதானேய்யா அன்னைக்கி இவரு கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போனது?" என்றாள். "நாங்க பேசாம பின்னால ஓரமா நின்னுக்கிட்டு இருந்தோம். யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்கல. தேடி வந்து இழுத்துக்கிட்டுப் போயி, ஜட்ஜையா முன்னால நிறுத்தி, இங்கிலீசுல என்னென்னமோ சொல்லிக் குடுத்தீங்க. அதுல இருந்து இந்த ஆளுக்கு ஒழுங்கா ஒறக்கமில்லங்க. ஒரு ரூமு. அதப் புடுங்கிட்டு எங்கள ரோட்டுல விடுறதுக்கு உங்களுக்கு அம்புட்டு அவசரம்."

"ஏய், பேசாம வா" என்று முனியாண்டி அவளுடைய முந்தானையைப் பிடித்தான்.

எனக்குத் தாங்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். ஐயா என் பக்கம் கையை நீட்டி நிறுத்தினார்.

"ஓம் பிள்ளை" என்றார் அவளிடம். "உங்கடை அறையை எடுக்கத்தான் நான் வந்தனான்."

அவள் அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் தடுமாறினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனிமே யாருக்கும் இப்புடிச் செய்யாதீங்கய்யா" என்றாள்.

"இல்லை. செய்யமாட்டன்."

அவள் அந்த வார்த்தையை ஒப்புக்கொண்டவள் போலத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள். புருஷனும் பெண்சாதியும் புல்தரையை மிதிக்காமல் ஓரமாக நடந்து வீதிக்குப் போனார்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உண்மையச் சொல்லியிருக்கலாமே ஐயா. நீங்க இல்லாட்டி அந்த அறை அன்னைக்கே போயிருக்கும்" என்றேன்.

"அவன்ரை பேரைக் கூப்பிட்டு ஆள் வராமல் விட்டவுடனை, உமக்கு முன்னாலை நிண்டு சிரிச்சனான் நான். அதைப் பாத்தனீர்தானே?" என்றார். "அவ கேட்டவ, செய்யமாட்டன் எண்டு நான் சொல்லிப்போட்டன். தெமோதரைக் கட்டை இண்டைக்கே திருப்பி அனுப்பும். மற்றத் துரைமார் வந்தாலும் வேறை ஆளைப் பாக்கச் சொல்லும்."

நான் அன்று பின்னேரமே அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும் எங்கள் அலுவலகத்துக்குத் துரைமாரின் வழக்கு ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பெண்ணும் மறுபடி வரவில்லை. அவள் மனதில் அவர் கடைசிவரை அறையைப் பிடுங்க வந்தவராகவேதான் இருந்திருப்பார்.